தீக்குச்சிகள் ஆடிய மாஸ்கோ

நம் அணி ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்துவிட்டால், எப்படி ஜெயித்தது என்று பேசி முடிக்க எங்கள் கடம்பூருக்கு அந்தக் காலத்தில் ஒரு வெள்ளாமைக் காலமே வேண்டியிருந்தது. 1980 ஜூலை 29, ஆடி மாதம். மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தது. அந்தப் பேச்சு புரட்டாசியில் கம்பும் உளுந்தும் விதைக்கிறபோதும் நடந்தது, ஐப்பசி மழையில் கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறபோதும் நடந்தது, தை பிறந்து பருத்தி வெடிக்கத் தொடங்கியபோது நாங்கள் இரண்டாவது கோலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தோம்.

2023 ஆகஸ்ட் 12 இரவு, சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் மலேசியாவை ஜெயித்தார்கள். அதே 4-3. அதே ஆடி மாதம்கூட. மறுநாள் காலை இட்லி ஆறுவதற்குள் அதைப் பேசி முடித்துவிட்டார்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அலசல் மோசம் என்று சொல்லமாட்டேன், பிரமாதமான அலசல். நாங்கள் ஆறு மாதம் முட்டிமோதியும் கண்டுபிடிக்காததை அவர்கள் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆறு மாதத்தைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி. ரயில் நின்ற சிறிது நேரத்துக்குள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி விற்கும் தேங்காய்ப் போளியும் பருப்புப் போளியும்தான் எங்கள் ஊரை வரைபடத்தில் வைத்தன. எங்களுக்கோ கடம்பூர் என்பது கோவில்பட்டிக்கு இரண்டாவது ஸ்டேஷன், கோவில்பட்டி என்றால் ஹாக்கி. நாடே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாள்களிலும் கோவில்பட்டிப் பையன்கள் குனிந்து ஆடுகிற ஆட்டத்தை விடவில்லை. பள்ளிக்கூடம், கிளப்பு, கிளப்புக்கு ஒரு மைதானம், மைதானத்துக்கு ஒரு பரம எதிரி என்று ஊரே பிரிந்து கிடக்கும். சாயங்காலப் பாசஞ்சரில் ஆட்டம் பார்த்துத் திரும்பும்போது குமாரபுரம் வருவதற்குள் பெட்டிக்குள் இரண்டு கட்சி ஆகியிருக்கும். மீட்டர்கேஜ் ரயிலுக்கு அவசரம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. சண்டை முடியாவிட்டால் இறங்கி, பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் நின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

கரிசலில் ஹாக்கி ஆடியவனுக்குத்தான் தெரியும், பந்து சொன்னபடி கேட்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று. கோடையில் நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஓடுகிற பந்து திடீரென்று வெடிப்புக்குள் போய்விடும். மழை பெய்தாலோ செருப்பில்லாத காலில் இரண்டு கிலோ மண் ஏறிக்கொள்ளும். அதனால் சரள் கிடக்கிற மேட்டையோ அறுப்பு முடிந்த களத்துமேட்டையோ தேடிப் போவோம். வளைந்த உடைமரக் கொம்பை வெட்டி நெருப்பில் வாட்டினால் மட்டை. காசு சேர்ந்து கார்க் பந்து வாங்கும்வரை, துணியைச் சுற்றிச் சணலால் இறுக்கியதுதான் பந்து. அப்படிப்பட்ட தரையில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு நாலு எட்டு போகிறவன் வித்தைக்காரன். முகமது ஷாகித் பந்தை மட்டையில் கட்டியதுபோல் கொண்டுபோவான் என்று ரேடியோவில் கேட்டதும், அந்தப் பையன் எங்கோ வாரணாசியில் ஒரு கரிசல் காட்டில்தான் பழகியிருக்க வேண்டும் என்று நாங்கள் மனப்பூர்வமாக நம்பினோம்.

ஆம், ரேடியோ. எங்கள் தலைமுறை மாஸ்கோவைக் காதால்தான் பார்த்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில், பழைய வால்வு ரேடியோ ஓய்ந்துபோய், அதன் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வந்திருந்தது. வர்ணனை கொஞ்ச நேரம் இங்கிலீஷில் வரும், கொஞ்ச நேரம் இந்தியில். இங்கிலீஷ் வந்தால் பி.டி. வாத்தியார் சொல்வார். இந்தி வந்தால், வடக்கே பல வருஷம் ரயில்வேயில் இருந்துவிட்டு வந்த ஒரு மாமா சொல்வார். அவர் எதையும் முழுசாகக் கேட்டு, மனசுக்குள் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். ரேடியோவுக்குள் மைதானமே கத்தும். யார் போட்ட கோல் என்று தெரியாமல் நாங்கள் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

“மாமா, நமக்கா, அவனுக்கா?”

“பொறுங்கலே. சொல்லுதாம்லா.”

அந்த இரண்டு மூன்று விநாடி. சுரீந்தர் சிங் சோதி போட்ட முதல் இரண்டு கோலையும் நாங்கள் அந்த இடைவெளி வழியாகத்தான் வாங்கிக்கொண்டோம். கௌசிக் மூன்றாவதைப் போட்டதும் கடைக்காரர் டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். உடனே ஸ்பெயினின் யுவான் அமாத் இரண்டைத் திருப்பிப் போட்டான், கடைக்காரர் தன் வாக்கை யோசிக்கத் தொடங்கினார். ஷாகித் நாலாவதைப் போட்டுக் காப்பாற்றினான். அமாத் விடாமல் தன் மூன்றாவதையும் போட்டான். மிச்சமிருந்த நிமிஷங்களில் எங்கள் கடைக்குள் யாரும் யாருடனும் பேசவில்லை, மொழிபெயர்க்கச் சொல்லி மாமாவைத் தொந்தரவு செய்யவும் யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் அவரே மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அதுதான் எங்களுக்கு வந்த செய்தி.

இனிமேல்தான் ஆட்டமே ஆரம்பம்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நாலைந்து பேர் கையைத் தூக்கியிருக்கிறார்கள், யார் யார் என்று தெரியாத அளவுக்கு மை அப்பியிருந்தது. அதை டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். படத்தில் இல்லாததையெல்லாம் நாங்கள் பெஞ்சில் கட்டி எழுப்பினோம். சுற்றுவட்டாரமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்கள் என்பதால் குச்சிக்குப் பஞ்சமில்லை. மருந்து முக்கிய குச்சி இந்தியா, மருந்தில்லாத வெறுங்குச்சி ஸ்பெயின். முன்னால் ஐந்து, நடுவே மூன்று, பின்னால் இரண்டு, கோல்வாயில் ஒன்று. அப்போதெல்லாம் நம் ஆட்கள் நிற்கிற முறை அதுதான், அதற்கு மேல் நாங்கள் வேறு முறை கேள்விப்பட்டதும் இல்லை. பந்துக்கு ஒரு கடலை. சோதி இங்கிருந்து வந்தானா, அங்கிருந்து வந்தானா என்று கடலையை ஆளுக்கொரு பக்கம் நகர்த்துவார்கள். விவாதம் முற்றினால் பந்தை யாராவது தின்றுவிடுவார்கள்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒரே கட்சி: ஜெயித்தது கேப்டனால். கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர், லெஃப்ட் ஹாஃப். அண்ணாச்சியின் கணக்கில் மாஸ்கோவில் நடந்த எல்லா நல்ல காரியமும் லெஃப்ட் ஹாஃபில் தொடங்கியது. பி.டி. வாத்தியார் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். “அண்ணாச்சி, கேப்டன் வேறே, ஆட்டம் வேறே. ஷாகித் ஒருத்தன் மூணு பேர இழுத்துட்டுப் போனான், மிச்சவனுக்கு இடம் கெடச்சுது” என்று மூன்று வெறுங்குச்சிகளை ஓரமாகத் தள்ளிக் காட்டுவார். கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் கடைசியாக வந்து ஒரே கேள்வியைப் போடுவார்: “பாகிஸ்தான் வரல. மேற்கு ஜெர்மனி வரல. பகிஷ்காரம்னு பாதிப் பேரு வரல. வந்திருந்தா?” அவர் சொன்னது பொய்யில்லை. ஆறே அணிகள்தான், அதில் தான்சானியாவை நம் ஆட்கள் 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் அடித்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒருநாள் ரயில்வே மாமா சொன்ன பதில் ஊரில் பல காலம் பழமொழியாகவே ஓடியது: “பந்திக்கு வந்தவனுக்குத்தாம்யா எல போட முடியும்.”

தரையைப் பற்றிய சண்டை தனி. 1976-இல் மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கியை முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஆடினார்கள். அதில் இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது, பதக்கம் இல்லாமல் நம் ஆட்கள் திரும்பியது அதுதான் முதல் தடவை. மாஸ்கோவிலும் அதே செயற்கைத் தரை. அதில் பந்து எப்படி ஓடும்? எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததை விட்டுவிடுகிற வயசா அது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸின் சிமெண்டுத் தரையில் கார்க் பந்தை உருட்டிப் பார்த்தோம். சுவரில் மோதித் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்ததும் எங்கள் வித்தைக்காரர்கள் முகம் சுருங்கிப்போயிற்று. கரிசலில் பழகிய கைக்கு அங்கே வேலை கம்மி, ஓட்டத்துக்கும் மூச்சுக்கும்தான் வேலை ஜாஸ்தி என்று பி.டி. வாத்தியார் மெதுவாகச் சொன்னார். அடுத்து வந்த இருபது, முப்பது வருஷ இந்திய ஹாக்கியின் கதையை அவர் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே சொல்லிவிட்டார் என்பது எனக்கு இப்போது தோன்றுகிறது. மாஸ்கோவுக்கு அப்புறம் நாம் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்க்க 2021 வரை, டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் எடுக்கும் வரை, காத்திருக்க வேண்டி வந்தது.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில், சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீலில் மாஸ்கோ வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். என்ன படம் என்றுகூடக் கேட்காமல் கூட்டமாகப் போய் மணல் குவித்து உட்கார்ந்தோம். ஓர் அணைக்கட்டு வந்தது, ஒரு மந்திரி வந்தார், வெள்ளம் வந்தது. மாஸ்கோ வரவில்லை. திரும்பி நடந்த இரவில், வந்திருந்தால் எந்தக் கோலைக் காட்டியிருப்பான் என்று ஊர் எல்லை வரை பேசிக்கொண்டே வந்தோம். இன்றைக்கு நினைத்தால் அந்த நடைக்காகவே அந்த ரீல் வராமல் போனது நல்லது.

வேலை என்னை வெளியூர்களுக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் போன இடங்களுக்கெல்லாம் தெரியாமல் ஹாக்கியும் மாறிக்கொண்டே இருந்தது. நடுக்கோட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மட்டையால் தரையைத் தட்டி, மட்டையோடு மட்டை தட்டி, மூன்றாவது தட்டு முடிந்ததும் பந்துக்குப் பாய்கிற ‘புல்லி’யோடு ஆட்டம் தொடங்குவதை 1980-களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஃப்சைடு போனது. முப்பத்தைந்து முப்பத்தைந்து நிமிஷமாக இருந்தது, பதினைந்து நிமிஷம் வீதம் நாலு பகுதியானது. ஆட்டக்காரர்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கிறார்கள். நடுவர் தீர்ப்பில் சந்தேகம் என்றால் கையால் ஒரு சைகை காட்டினால் போதும், திரும்பப் பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் பாசஞ்சர் சண்டைகளில் பாதி அந்த ஒரு சைகையில் செத்துப்போயிருக்கும்.

ஓய்வுக்குப் பின் ஊருக்கு வந்தபோது கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் வந்திருந்தது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாட்டின் பெரிய அணிகளெல்லாம் வந்து ஆடுகின்றன. விளையாட்டு விடுதியில் அரியலூரிலிருந்து வந்து பயின்ற கார்த்தி செல்வமும், கோவில்பட்டிப் பையனே ஆன மாரீஸ்வரன் சக்திவேலும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்கு இந்தியச் சட்டை போட்டார்கள். கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அண்ணாச்சி உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் ஒரு லெஃப்ட் ஹாஃப் காரணம் கண்டுபிடித்திருப்பார். கரிசலில் வாட்டிய கொம்போடு ஓடிய எங்களுக்கு, நம் பக்கத்து மைதானத்தில் ஆடிய பையன் இந்திய அணிக்குள் இருக்கிறான் என்பது சாதாரண விஷயமா? இதை எந்தப் பழைய இன்பத்துக்கும் ஈடாகத் திருப்பிக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

அதனால் அந்த ஆகஸ்ட் இரவில் கடம்பூரே ஒரு கட்சியாகத்தான் உட்கார்ந்தது. லீக் சுற்றில் இதே மலேசியாவை 5-0 என்று அடித்திருந்தோம், முதல் கோலே கார்த்தி போட்டது. மலேசிய அணியின் பயிற்சியாளர் பெயர் அருள் அந்தோணி என்று தெரிந்ததும், “ரெண்டு பக்கமும் நம்ம ஆளுதாம்லே” என்று ஒரு பெரியவர் தெம்பாக இருந்தார். பையன்கள் ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள். அந்த இரவின் வேடிக்கை எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பக்கத்து வீட்டில் டிவி. கடையில் ஒரு போன் அதற்குச் சில விநாடி பின்னால், இன்னொரு போன் அதற்கும் பின்னால். ஒன்பதாவது நிமிஷத்தில் ஜுக்ராஜ் சிங் பெனால்டி கார்னரில் கோல் போட்டபோது பக்கத்து வீடு முதலில் கத்தியது, பிறகு முதல் போன்காரன், பிறகு இரண்டாவது போன்காரன். எல்லோரும் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள், நமக்கா அவனுக்கா என்று. ரயில்வே மாமா இருபத்தோராம் நூற்றாண்டில் கம்பியில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் 1-3. அஸ்ராய் ஒன்று, ராஸி ரஹீம் ஒன்று, அமினுதீன் ஒன்று. எழுபத்தைந்தில் கோலாலம்பூர் உலகக் கோப்பை அரையிறுதியிலும் இந்த மலேசியாதான் நம்மை முடிகிற நேரம் வரை அமுக்கிவைத்திருந்தது. கடைசி நிமிஷங்களில் அஸ்லம் ஷேர் கான் வந்து கோல் போட்டார், கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் முடித்துவைத்தார். நான் இதைச் சொல்லத் தொடங்கினேன், பையன்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஒரு கண் போனில் இருந்தது. மூன்றாவது பகுதி முடிகிற தறுவாயில், 45-ஆவது நிமிஷத்தில், ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று. அதைப் பேசி வாய் மூடுவதற்குள் குர்ஜந்த் சிங் இன்னொன்று. ஒரே நிமிஷத்தில் 3-3. அப்புறம் 56-இல் ஆகாஷ்தீப் சிங். கடை இடிந்து விழவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, கோவில்பட்டிக்குத் தினமும் பயிற்சிக்குப் போகிற எதிர்வீட்டுப் பேத்தி முறைப் பெண்தான் அலசிக் கொடுத்தாள். போனில் ஆட்டத்தை நிறுத்தி, விரலால் மஞ்சள் அம்புகள் போட்டாள். “பாருங்க தாத்தா, பர்ஸ்ட் ஹாஃப்ல நம்ம ஆளுக கார்னர விட்டுக் கொடுத்துட்டே இருந்தாங்க. ரெண்டு கோல் அதுலதான் போச்சு. செகண்ட் ஹாஃப்ல பந்த அங்கேயே போயிப் புடுங்குனாங்க. அவங்களுக்கு மூச்சு வாங்கிருச்சு.” இவ்வளவுதான். இதற்கு மேல் யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு வேறு பேச்சு வந்துவிட்டது.

எங்கள் காலத்தில் ஆட்டத்தை அலச உட்கார்ந்தவர்களில் ஒரு பெண் குரல்கூட இருந்ததில்லை. அவர்கள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தக் குச்சியை வைத்துத்தான் மாஸ்கோவை ஆடினோம். இப்போது ஊரிலேயே ஆட்டம் நன்றாகத் தெரிந்தவள் இந்தப் பெண். அவளிடம் ஆஃப்சைடு என்றால் என்ன என்று விளக்கினேன். முன்னால் போய் நிற்கக்கூடாதா, அப்போ அஞ்சு ஃபார்வர்டு எதுக்குத் தாத்தா என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன், நீண்ட காலத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு நல்ல நாள் வாய்த்தது. ஷாகித்தை இன்றைய ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து அடைத்துவிடுவார்கள் என்கிறாள். அடைக்கட்டும் பார்க்கலாம் என்கிறேன். 2025 கடைசியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையோடு மதுரையிலும் நடந்தபோது வழியெல்லாம் எங்களுக்குள் இதே வழக்குதான்.

போன மாசம் அவளே ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். மாஸ்கோ இறுதியாட்டத்தின் சில நிமிஷங்கள், மங்கலான படம். மணல் குவித்து உட்கார்ந்தும் வராத மாஸ்கோ. ஒரு கோலை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற பழைய கூட்டாளிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“ஏலே, பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேம்லா, பந்து வலது பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு.”

“எங்கலே வலது? கேமரா அந்தப் பக்கம் நிக்கி. நீ திருப்பி வச்சுப் பாரு.”

“நீ மொதல்ல கண்ணாடியப் போட்டுப் பாரு. அது சோதியே இல்லங்கேன் நான்...”

பேத்தியாள் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவளுக்கு லெஃப்ட் ஹாஃப் மேல்தான் சந்தேகமாம்.